அமெரிக்காவில் சமயவியல் முனைவர் படிப்பு: அருட்பா–மருட்பா ஆய்வோடு விண்ணப்பித்தால் இடம் கிடைக்குமா?

கீழமாசிவீதி

அனைவருக்கும் வணக்கம். வரும் டிசம்பரில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் சமயவியல் முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். எனக்கு இடம் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதை, அந்த வழியில் ஏற்கெனவே சென்றவர்கள் ஒளிவுமறைவின்றிச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

என்னைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழி. இளங்கலையும் முதுகலையும் தமிழ் இலக்கியம். மதுரையில் அரசு உதவி பெறும் ஒரு கல்லூரியில் படித்தேன். முதுகலையில் 71 விழுக்காடு, துறையில் இரண்டாம் இடம். இராமலிங்க அடிகளின் பாடல்களை முன்வைத்து 19ஆம் நூற்றாண்டில் நடந்த அருட்பா–மருட்பா விவாதத்தின் (அவை அருளால் வந்த பாடல்களா, மருளால் வந்தவையா என்ற விவாதம்) கண்டன நூல்களைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதினேன். அது தமிழில் இருக்கிறது. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கும் தகுதி பெற்றுள்ளேன். சமஸ்கிருதம் சான்றிதழ்ப் படிப்பு அளவில் தெரியும். ஆங்கிலத்தில் ஆய்வு நூல்களைத் தடையின்றிப் படிப்பேன். எழுதும்போது மெதுவாகத்தான் வருகிறது.

சிகாகோ, ஹார்வர்டு, யேல் ஆகியவற்றின் இறையியல் புலங்களையும் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியையும் குறித்து வைத்திருக்கிறேன். கடன் வாங்கிப் படிக்கும் நிலையில் குடும்பம் இல்லை. என் மதிப்பெண்ணுக்கு இந்த நான்கில் எங்காவது இடம் கிடைக்குமா?

---

ஏட்டுச்சுவடி

சகோதரிக்கு வணக்கம். நான் தமிழ்ச் சைவ நூல்களை வைத்து அமெரிக்காவில் சமயவியலில் முனைவர் பட்டம் முடித்தவன். இப்போது அங்கேயே ஒரு சிறிய கல்லூரியில் கற்பிக்கிறேன். உங்கள் கேள்வி மதிப்பெண்ணில் முடிகிறது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

71 விழுக்காடு உங்களைத் தேர்ந்தெடுக்கச் செய்யாது, தள்ளவும் செய்யாது. நம் பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகளில் அந்த மதிப்பெண் எப்படிப்பட்டது என்பது அமெரிக்கத் தேர்வுக் குழுவுக்குத் தானாகத் தெரியாது. ஆகவே அதை நீங்களே அமெரிக்காவில் வழங்கும் நான்கு புள்ளி மதிப்பெண் அளவுக்கு மாற்றி எழுத வேண்டாம். மதிப்பெண் பட்டியலை உள்ளபடியே அனுப்புங்கள். துறையில் இரண்டாம் இடம் என்பதையும், எத்தனை பேரில் இரண்டாம் இடம் என்பதையும் உங்கள் பேராசிரியர் தம் பரிந்துரைக் கடிதத்தில் எழுதட்டும். அந்த ஒரு வரி மதிப்பெண் பட்டியலைவிடத் தெளிவாகப் பேசும்.

அடுத்து, உங்கள் பட்டியல். அதில் இரண்டு குழப்பங்கள் இருக்கின்றன. இவற்றைத் திருத்தாமல் வாய்ப்பைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. முதலாவது, யேலின் இறையியல் புலம் ஆய்வுக்கான முனைவர் பட்டம் (பிஎச்.டி.) தருவதில்லை. அங்கே முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க வேண்டிய இடம் சமயவியல் துறை. ஹார்வர்டிலும் முனைவர் பட்டத்தை இறையியல் புலம் தனியாகத் தருவதில்லை. இறையியல் புலத்தையும் கலை அறிவியல் புலத்தையும் சேர்ந்த ஆசிரியர்கள் அடங்கிய ஒரு குழு அதை நடத்துகிறது. விண்ணப்பம் பட்டமேற்படிப்புப் புலத்துக்குச் செல்லும். சிகாகோவில் மட்டும் இறையியல் புலமே முனைவர் பட்டம் வழங்குகிறது. இரண்டாவது, பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி 1812இல் பிரெஸ்பிட்டேரியன் சபை தொடங்கிய தனி நிறுவனம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பகுதி அன்று. பல்கலைக்கழகத்துக்கு வேறாக ஒரு சமயவியல் துறை உண்டு. தமிழ்ச் சைவ விவாதத்தை ஆராய விரும்பும் உங்களுக்கு அந்த இறையியல் கல்லூரி ஏற்ற இடம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தப் பிரிவினைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் இறையியல் பள்ளிகள் முதன்மையாகச் சபை ஊழியர்களை உருவாக்கவே தோன்றின. சமயத்தைப் பற்றி நம்பிக்கை சாராமல் ஆராயும் துறைகள் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெருகியது 1963க்குப் பிறகு. அந்த ஆண்டு, அரசுப் பள்ளிகளில் வழிபாடாக விவிலியம் வாசிப்பதைத் தடை செய்த உச்ச நீதிமன்றம், சமயத்தைப் பற்றிக் கல்வி நோக்கில் கற்பிக்கத் தடையில்லை என்றும் தெளிவாகச் சொன்னது. இன்றும் ஒரு பல்கலைக்கழகத்தின் சமயவியல் துறைக்கு எழுதும் நோக்க அறிக்கையும், ஓர் இறையியல் கல்லூரிக்கு எழுதும் அறிக்கையும் வேறு வேறு தொனியில் இருக்க வேண்டியதற்கு இதுவே காரணம்.

வாய்ப்பைப் பொறுத்தவரை, நேர்மையான விடை இதுதான். ஒவ்வொரு துறையும் ஆண்டுக்குச் சில மாணவர்களையே சேர்க்கிறது. அந்தச் சில இடங்களும் விவிலிய ஆய்வு, இசுலாமியம், பௌத்தம், அமெரிக்கச் சமய வரலாறு, தெற்காசியச் சமயங்கள் எனப் பிரிந்து போகின்றன. தெற்காசியப் பிரிவுக்கு ஓர் ஆண்டில் ஒரே ஓர் இடம் இருக்கலாம். சில ஆண்டுகளில் அதுவும் இல்லாமல் போகலாம். அந்த ஓர் இடத்துக்கு வடமொழி, பாலி, இந்தி, வங்காளி ஆகியவற்றோடு வருபவர்களும் போட்டியிடுகிறார்கள். உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கும் ஆசிரியர், 'இவர் கேட்கும் கேள்வியை என்னால் வழிநடத்த முடியுமா, இவர் வராவிட்டால் இந்தத் துறை எதை இழக்கும்' என்றுதான் நினைத்துப் பார்ப்பார். எனவே முதலில் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது உங்கள் கேள்வியை. கண்டன நூல்களைப் பற்றி ஆய்வேடு எழுதினேன் என்றீர்கள். அவற்றைப் பற்றி என்ன கேட்டீர்கள்?

---

யாழ்வாசகர்

சகோதரியின் பொருளைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இராமலிங்கரை எதிர்த்த ஆறுமுக நாவலர் பிறந்த யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன் நான். இந்த விவாதத்தை இன்றும் இரு தரப்பாகப் பிரிந்து பேசுகிற வீடுகளில் வளர்ந்தவன்.

பலர் இதை இரு பெரியவர்களின் பிணக்காகவே எழுதி முடித்துவிடுகிறார்கள். 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியால் இராமலிங்கரின் பாடல்கள் திருவருட்பா என்ற பெயரில், திருமுறைகளாக வகுக்கப்பட்டு அச்சாயின. தேவாரம், திருவாசகம் போன்ற நூல்களுக்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட மதிப்பு, உயிரோடு இருக்கும் ஒருவரின் பாடல்களுக்குச் சூட்டப்பட்டதை நாவலர் ஏற்கவில்லை. எதிர்ப்பு அச்சில் வந்தது, மேடையில் வந்தது, கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இருவரும் மறைந்த பின்னும் ஓயவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கதிரைவேற்பிள்ளை நாவலர் பக்கமும் மறைமலையடிகள் இராமலிங்கர் பக்கமும் நின்றார்கள்.

என் ஐயம் ஒன்று உண்டு. இந்த மூல நூல்களை ப. சரவணன் ஏற்கெனவே தேடித் தொகுத்துப் பதிப்பித்திருக்கிறார். இராமலிங்கரைப் பற்றி ரிச்சர்ட் வைஸ் 2019இல் ஆங்கிலத்தில் ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார். இவை இரண்டும் இருக்கும்போது உங்கள் ஆய்வு எதைப் புதிதாகத் தரும் என்று தேர்வுக் குழு கேட்டால் என்ன சொல்வீர்கள்? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. எங்கள் பக்கத்து மூலங்களைப் பார்த்து எழுதிய ஒருவர் வர வேண்டும் என்ற ஆசையால் கேட்கிறேன்.

---

கீழமாசிவீதி

ஏட்டுச்சுவடி ஐயாவுக்கும் யாழ்வாசகர் ஐயாவுக்கும் நன்றி. யேலும் ஹார்வர்டும் இப்படிப் பிரிந்திருக்கின்றன என்பது எனக்குத் தெரியாது. பட்டியலை மாற்றி எழுதத் தொடங்கிவிட்டேன்.

ஆய்வேட்டில் நான் செய்தது பெரும்பாலும் தொகுப்பு வேலைதான்: எந்த நூலுக்கு எது மறுப்பு, எந்த ஆண்டில் வந்தது, என்னென்ன குற்றச்சாட்டுகள் என்று வரிசைப்படுத்தினேன். ஆனால் அந்த வேலையின்போது ஒன்றைக் கவனித்தேன். இரு தரப்பினரும் எதிராளியின் பக்தியைப் பற்றிப் பேசுவதைவிட, இலக்கணப் பிழை, யாப்புப் பிழை, மேற்கோள் பிழை ஆகியவற்றைப் பற்றி அதிகமாகப் பேசுகிறார்கள். ஒரு பாடல் இறைவனின் அருளால் வந்ததா இல்லையா என்பதை இலக்கணத்தைக் கொண்டு முடிவு செய்ய முயல்கிறார்கள். ஒரு மடமோ ஒரு கோவிலோ இதில் இறுதித் தீர்ப்புச் சொல்லவில்லை. அச்சகமும் வாசகர்களும் நீதிமன்றமும்தான் களமாக இருந்தன. ஒரு நூல் புனித நூலாக ஏற்கப்படுவதற்கான ஒப்புதலைத் தரும் உரிமை யாருடையது என்பதே உண்மையான சண்டை என்று நினைக்கிறேன். இதை ஆய்வுக் கேள்வியாக ஏற்பார்களா?

---

ஏட்டுச்சுவடி

இதுதான் கேள்வி. முதல் பதிவில் நீங்கள் தந்த மதிப்பெண், தேர்வு, பட்டியல் எல்லாவற்றையும்விட இந்த ஒரு பத்தி உங்களைப் பற்றி எனக்கு அதிகம் சொல்கிறது.

ஏன் என்று விளக்குகிறேன். தமிழ் தெரியாத, சைவம் தெரியாத, கிறித்தவப் புனித நூல் தொகுதி எப்படி உருவாயிற்று என்று ஆராயும் ஒரு பேராசிரியரும் அந்தக் குழுவில் அமர்ந்திருப்பார். அவர் உங்கள் விண்ணப்பத்துக்குக் கை தூக்க வேண்டும். அருட்பா விவாதத்தில் யார் சரி என்பதில் அவருக்கு அக்கறை இராது. ஆனால் தலைமைச் சபை இல்லாத ஒரு சமயத்தில், குடியேற்ற ஆட்சியின் நீதிமன்றமும் அச்சகமும் இருக்கும் சூழலில், ஒரு நூல் எப்படிப் புனிதம் பெறுகிறது, எப்படி அது மறுக்கப்படுகிறது என்ற கேள்வி அவருடைய வகுப்பறைக்கும் உரியது. இலக்கணத்தைச் சமயச் சான்றாகப் பயன்படுத்துவது பற்றி நீங்கள் கண்டது மிக நல்ல இழை. அதை உரைமரபோடு, குறிப்பாக 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் எழுதிய கண்டன நூல்களோடு இணைத்துப் பார்க்கலாம். மறுப்பு எழுதும் முறையே நாவலருக்கு அங்கிருந்து வந்ததா, மிஷனரிகளோடு நடந்த அச்சுப் போரிலிருந்து வந்ததா? நாவலர் பெர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் பணியாற்றியவர் என்பதை நினைவில் வையுங்கள். யாழ்வாசகர் ஐயாவின் ஐயத்துக்கும் விடை இங்கே இருக்கிறது. வைஸின் நூல் இராமலிங்கரை மையமாகக் கொண்டது. நீங்கள் விவாதத்தின் விதிகளை மையமாக்குகிறீர்கள். அந்த நூலோடு எங்கே உடன்படுகிறீர்கள், எங்கிருந்து விலகுகிறீர்கள் என்பதை நோக்க அறிக்கையிலேயே இரண்டு வரிகளில் எழுதுங்கள். அதைக் குறிப்பிடாமல் விட்டால், படிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இனி உங்கள் விண்ணப்பத்தின் பலவீனங்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது எழுத்து மாதிரி. பெரும்பாலான துறைகள் 20 முதல் 25 பக்கங்கள் கொண்ட ஆங்கிலக் கட்டுரை ஒன்றைக் கேட்கின்றன. தமிழ் ஆய்வேட்டின் ஓர் இயலை மொழிபெயர்த்து அனுப்பலாம் என்று உங்களுக்குத் தோன்றும். வேண்டாம். நம் ஆய்வேடுகளின் கட்டமைப்பு வேறு. முன்னுரை, நோக்கம், எல்லை, அணுகுமுறை என்று பக்கங்கள் போய், வாதம் தொடங்கும்போது இயல் முடிந்துவிடும். ஒரே ஒரு கண்டன நூலை, முடிந்தால் ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நீங்களே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அங்கே இலக்கணப் பிழை என்ற குற்றச்சாட்டு என்ன வேலை செய்கிறது என்று வரிவரியாகக் காட்டுங்கள். உங்களால் 19ஆம் நூற்றாண்டு உரைநடையை, சந்தி பிரிக்காத அச்சில், எவர் துணையுமின்றிப் படிக்க முடியும் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை. தமிழ் தாய்மொழி என்று எழுதினால் மட்டும் யாரும் வியப்பதில்லை. ஆனால் அந்த உரைநடையைப் படிக்கும் பயிற்சி அமெரிக்காவில் மிகச் சிலருக்கே உண்டு. உங்கள் தமிழ்த்துறைப் படிப்பின் முழு மதிப்பும் அங்கேதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் மெதுவாக எழுதுகிறீர்கள் என்றால் இன்றே தொடங்குங்கள். எளிய வாக்கியங்கள் போதும். வாதம் தெளிவாக இருக்கட்டும்.

இரண்டாவது பரிந்துரைக் கடிதங்கள். இதில்தான் நம் மாணவர்கள் பலர் இழக்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். 'இவர் நற்பண்பும் ஒழுக்கமும் உடையவர், வகுப்புக்குத் தவறாமல் வருபவர், இவர் வாழ்வில் எல்லா வளமும் பெற வாழ்த்துகிறேன்' என்பது நம் ஊரில் அன்பான கடிதம்; அங்கே அது வெறுமையான கடிதம். உங்கள் நெறியாளர் தமிழிலேயே சிந்தித்து எழுதுபவர் என்றால், அவரிடம் சென்று, ஆய்வேட்டில் எந்த இடம் அவருக்குப் பிடித்தது, எந்த வாதத்தில் உங்களோடு முரண்பட்டார், எந்த நூலை நீங்களாகத் தேடிக் கொண்டுவந்தீர்கள் என்பவற்றை நினைவூட்டுங்கள். அவர் அவற்றை எழுதட்டும்; ஆங்கிலம் எளிமையாக இருப்பதால் குறையில்லை. கடிதத்தை நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் பணிவாக மறுத்து, குறிப்புகளை மட்டும் கொடுங்கள். மூன்று கடிதங்களும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவர் உடனே கண்டுகொள்வார்.

மூன்றாவது மொழிகள். பெரும்பாலான துறைகளில் சேர்ந்த பிறகு ஆய்வுத் துணைமொழியாகப் பிரெஞ்சோ ஜெர்மனோ படிக்கும் திறன் தேர்வு எழுத வேண்டியிருக்கும். சேரும்போதே தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தொடங்கிவிட்டேன் என்று எழுத முடிந்தால் நல்லது. சமஸ்கிருதத்தைச் சான்றிதழ் அளவிலிருந்து மேலே கொண்டுசெல்லுங்கள். நாவலர் ஆகமங்களைச் சான்று காட்டும் இடங்களை நீங்களே சரிபார்க்க வேண்டிவரும்.

---

அரசரடி

நான் இறையியல் இளநிலைப் பட்டம் முடித்து, சில ஆண்டுகள் சபையில் பணியாற்றி, பின்னர் அமெரிக்காவில் முதுநிலை இறையியல் படித்தவன். இறையியல் பள்ளிகளைப் பற்றி மேலே எழுதப்பட்டதில் ஒரு திருத்தம் சேர்க்க விரும்புகிறேன்.

எல்லா இறையியல் புலங்களும் ஊழியத்துக்கு மட்டுமே என்று எண்ண வேண்டாம். ஹார்வர்டு இறையியல் புலத்தின் எம்.டி.எஸ். என்னும் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பில் எந்தச் சமயத்தினரும், சமயம் சாராதவரும் சேரலாம். முனைவர் படிப்புக்கு முந்திய பயிற்சியாகவே பலர் அதில் சேர்கிறார்கள். அந்தப் புலத்தில் பல்லாண்டு கற்பித்த பிரான்சிஸ் க்ளூனி ஒரு இயேசு சபைத் துறவி; நம்மாழ்வாரின் திருவாய்மொழியையும் அதன் ஈட்டு உரைகளையும் ஆழ்ந்து படித்து எழுதியவர். சைவ விவாதத்துக்கு இறையியல் புலத்தில் இடமில்லை என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வர வேண்டாம்.

சகோதரி முனைவர் படிப்புக்கு நேரடியாக விண்ணப்பிப்பதோடு, இத்தகைய முதுநிலைப் படிப்புகள் ஒன்றிரண்டுக்கும் விண்ணப்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. முதுநிலையில் இடம் கிடைப்பது முனைவர் இடத்தைவிடப் பன்மடங்கு எளிது. அங்கே இரண்டு ஆண்டுகளில் சமஸ்கிருதமும் ஆங்கில எழுத்தும் வளரும். உங்களை நேரில் அறிந்த ஆசிரியர்கள் கடிதம் தருவார்கள். என்னோடு படித்தவர்களில் முனைவர் படிப்புக்குச் சென்றவர்கள் பலரும் அந்த வழியில் சென்றவர்களே.

இன்னொரு செய்தி, இந்த இழையைப் படிக்கும் செராம்பூர் இறையியல் பட்டதாரிகளுக்காக. நம் பி.டி. (இறையியல் இளநிலை) பட்டத்தைப் பல இறையியல் கல்லூரிகள் எம்.டிவ். என்னும் அமெரிக்க ஊழியப் பயிற்சி முதுநிலைப் பட்டத்துக்கு இணையாக ஏற்று, டிஎச்.எம். என்னும் ஓராண்டு இறையியல் முதுநிலைப் படிப்புக்குத் தகுதியாகக் கொள்கின்றன. ஆனால் பல்கலைக்கழகச் சமயவியல் துறைக்கு விண்ணப்பிக்கும்போது அழைப்பு, ஊழியம், சாட்சி என்ற மொழியில் நோக்க அறிக்கை எழுதாதீர்கள். நம்பிக்கையை மறைக்க வேண்டியதில்லை; அது உங்களை எந்தக் கேள்விக்கு இட்டுச் சென்றது என்பதை மட்டும் எழுதுங்கள். சைவராக இருப்பினும் இதே அறிவுரைதான்: நாவலர் பக்கமோ வள்ளலார் பக்கமோ நின்று தீர்ப்பு எழுதுவதாக அறிக்கை அமைந்துவிடக் கூடாது.

---

தெற்குவாசல்

அரசரடி அண்ணனின் அறிவுரையில் ஒரு பகுதியை நான் ஏற்கவில்லை. முதல் பதிவில் சகோதரி கடன் வாங்கும் நிலை இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் முனைவர் மாணவருக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை, வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகையும் உண்டு. முதுநிலை மாணவரின் நிலை அப்படியன்று. கட்டணத்தில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தாலும், ஒரு பெருநகரத்தில் இரண்டு ஆண்டு வாடகையும் உணவும் கையிலிருந்து வர வேண்டும். முழு உதவி கிடைத்தாலன்றி அந்த வழியைப் பரிந்துரைப்பது பொறுப்பான அறிவுரை ஆகாது.

மற்றொன்று, காலம். 2025 ஆகஸ்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கலை, மானுடவியல் புலம் 2026–27ஆம் ஆண்டுக்கான முனைவர் சேர்க்கையைப் பல துறைகளில் நிறுத்தியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் ஹார்வர்டின் கலை அறிவியல் புலமும் முனைவர் இடங்களைப் பெருமளவு குறைத்தது. பழைய ஆண்டுகளின் சேர்க்கை அனுபவத்தை வைத்து இன்றைய வாய்ப்பை மதிப்பிட முடியாது. சகோதரியின் கையில் இளநிலை ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. 2023 முதல் அது மாதம் 37,000 ரூபாய். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தத் துறை உண்டு. மூல நூல்கள் சென்னையிலும் வடலூரிலும் யாழ்ப்பாணத்திலும்தான் இருக்கின்றன. இங்கே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தால், புல்பிரைட்–நேரு ஆய்வு உதவித்தொகை வழியாக இடையில் 6 முதல் 9 மாதம் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் தங்கி ஆராய விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுக்குப் போனால்தான் ஆய்வு என்ற எண்ணத்தை நாம் வளர்க்கக் கூடாது.

---

ஏட்டுச்சுவடி

தெற்குவாசல் சொல்வதில் பணம் பற்றியதும் காலம் பற்றியதும் முழு உண்மை. முழு உதவி இல்லாத முதுநிலை இடத்தை ஏற்க வேண்டாம் என்பதே என் நிலையும். ஆனால் விண்ணப்பித்துப் பார்ப்பதில் தவறில்லை. யேல் இறையியல் புலம் 2022 முதல் நிதித் தேவை உள்ள மாணவர்களுக்கு முழுக் கட்டணத்தையும் உதவித்தொகையாகத் தருகிறது. வாழ்க்கைச் செலவு அப்போதும் மீதமிருக்கும், அதை எப்படி ஈடுகட்டுவது என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். பிரிட்டனுக்குப் பார்ப்பதென்றால் பெலிக்ஸ் உதவித்தொகை ஆக்ஸ்போர்டு, லண்டனின் சோயாஸ், ரெடிங் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களிலும் இந்திய மாணவர்களுக்கு உண்டு. கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்தது அது.

இங்கேயே ஆய்வு செய்யலாமே என்பதற்கு என் விடை வேறு. மூல நூல்கள் இங்கே இருக்கின்றன, அறிஞர்களும் இருக்கிறார்கள். ஆனால் சகோதரி கேட்கும் கேள்வி சைவத்துக்குள் நின்று விடை தேடும் கேள்வி அன்று. யூத, கிறித்தவ, இசுலாமியப் புனித நூல் மரபுகளை ஆராய்பவர்களோடு ஒரே அறையில் அமர்ந்து பேசினால்தான் அது கூர்மையாகும். நம் பல்கலைக்கழகங்களில் சைவ சித்தாந்தம், வைணவம், கிறித்தவம், இசுலாமியம், சமணவியல் என்று தனித்தனித் துறைகள் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று உரையாடும் பொதுவான சமயவியல் துறை தமிழ்நாட்டில் வலுவாக வளரவில்லை. அந்த உரையாடலைத் தேடித்தான் அவர் போக நினைக்கிறார் என்று கொள்கிறேன். அது நியாயமான காரணம்.

எனவே இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். உதவித்தொகைத் தகுதி காலாவதியாகும் முன் இங்கே பதிவு செய்வதற்கான கெடுவைப் பார்த்து வையுங்கள். விண்ணப்பங்களையும் அனுப்புங்கள். பட்டியலில் சமயவியல் துறைகளோடு தெற்காசியத் துறைகளையும் சேருங்கள். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் தெற்காசியத் துறை, டொராண்டோவின் சமயவியல் துறை, எமரியின் சமயப் பட்டமேற்படிப்புப் பிரிவு ஆகியவற்றைப் பாருங்கள். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தில் இப்போது தமிழ் இருக்கையும் உண்டு. நூல் பெயரைக் கண்டு பேராசிரியரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவர் ஓய்வு பெற்றிருக்கலாம், வேறு ஊருக்குப் போயிருக்கலாம். நாம் பேசிய ரிச்சர்ட் வைஸ் நியூசிலாந்தின் வெலிங்டனில் பணியாற்றியவர். ஆகஸ்டு, செப்டம்பரில் ஒவ்வொருவருக்கும் சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் எழுதி, இந்த ஆண்டு மாணவர் சேர்க்கிறீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள். சேர்க்கவில்லை என்ற விடை வந்தால் ஒரு விண்ணப்பக் கட்டணம் மிஞ்சும்.

---

யாழ்வாசகர்

ஒரு செய்தி விடுபட்டுவிட்டது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994இல் உருவானது. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்களே அதன் அடித்தளம். 19ஆம் நூற்றாண்டு அச்சு நூல்களுக்கு அதைவிடச் சிறந்த இடம் குறைவு. எழுத்து மாதிரிக்கான மூலத்தை அங்கே சென்று முதல் பதிப்பிலேயே பாருங்கள். பிற்காலத் தொகுப்பில் இல்லாத முகப்புப் பக்கம், அச்சகத்தின் பெயர், விலை, யார் பணம் கொடுத்தார்கள் என்ற குறிப்பு ஆகியவை உங்கள் கேள்விக்கு நேரடிச் சான்றுகள். நாவலர் தாமே அச்சகம் வைத்திருந்தவர் என்பதால் இது இன்னும் முக்கியம்.

---

கீழமாசிவீதி

எல்லோருடைய பதிவுகளையும் பலமுறை படித்தேன். பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியை நீக்கிவிட்டேன். சிகாகோ இறையியல் புலம், ஹார்வர்டு முனைவர் குழு, டொராண்டோ, எமரி, பென்சில்வேனியாவின் தெற்காசியத் துறை ஆகியவற்றுக்கு, அங்குள்ள ஆசிரியர் மாணவர் சேர்ப்பதாக உறுதி செய்தால் மட்டும், முனைவர் விண்ணப்பம். யேல் இறையியல் புலத்துக்கு முதுநிலை விண்ணப்பம். இதற்கிடையில் இங்கே முனைவர் பதிவுக்கும் நெறியாளரிடம் பேசிவிட்டேன். வெளிநாட்டில் இடம் கிடைக்காவிட்டால் அதே கேள்வியோடு இங்கே தொடங்குவேன். அடுத்த வாரம் ரோஜா முத்தையா நூலகத்துக்குச் செல்கிறேன்.

இரண்டு ஐயங்கள் மட்டும் மீதமிருக்கின்றன. விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 டாலர் ஆகிறது. ஐந்தாறு இடங்களுக்கு அனுப்ப என்னால் இயலாது. ஒருவேளை உதவித்தொகையோடு ஓர் இடம் முதலில் வந்து, மற்றவற்றின் முடிவு வராமல் இருந்தால், உடனே விடை சொல்ல வேண்டுமா?

---

ஏட்டுச்சுவடி

கட்டணத் தள்ளுபடியைப் பல பல்கலைக்கழகங்கள் தருகின்றன; விண்ணப்பப் பக்கத்தில் அதற்கான படிவம் இருக்கும், இல்லையென்றால் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். விண்ணப்பத்தை அனுப்பிய பிறகு கேட்டால் தர மாட்டார்கள், ஆகவே அக்டோபரிலேயே கேளுங்கள். ஆங்கிலத் தேர்வுக்கும் இதே எச்சரிக்கை: தமிழ்வழியில் படித்தவர் என்பதால் உங்களுக்கு விலக்கு கிடைக்காமல் போகலாம். தேர்வு தேவையா என்பதை ஒவ்வொரு துறையிடமும் முன்கூட்டியே கேட்டு, தேவையென்றால் நவம்பருக்குள் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது ஐயத்துக்கு விடை: அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் புலங்களின் கூட்டமைப்பு இயற்றிய தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், உதவித்தொகையோடு தரும் இடத்துக்கு ஏப்ரல் 15க்கு முன் விடை சொல்லுமாறு மாணவரைக் கட்டாயப்படுத்துவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கின்றன. முடிவுகள் பொதுவாகப் பிப்ரவரி, மார்ச்சில் வரும். முதல் இடம் வந்ததும் நன்றி தெரிவித்து எழுதுங்கள். மற்றத் துறைகளுக்கும், எனக்கு வேறோர் இடம் கிடைத்துள்ளது, உங்கள் முடிவு எப்போது தெரியும் என்று பணிவாக எழுதலாம். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

எழுத்து மாதிரியின் முதல் வரைவு முடிந்ததும் இந்த இழையிலேயே தெரிவியுங்கள். மொழிபெயர்ப்புப் பகுதியை நானும் யாழ்வாசகர் ஐயாவும் மூலத்தோடு வைத்துப் பார்த்துத் தருகிறோம்.